நகல்களும் சேர்த்து

செவ்வாய்க்கிழமை பகல் ஷிஃப்டில் யார் யார் இருந்தார்கள் என்று வாக்குமூலத்தில் முதலில் எழுதச் சொன்னீர்கள், மேடம். எழுதிவிடுகிறேன்.

குழுத் தலைவர் சிவசங்கரி அக்கா. எனக்கு இடப்பக்கம் அறிவுமதி. அன்று எல்லாருக்கும் சமோசா வாங்கி வந்தவன் அவன்தான். உள்ளே உருளைக்கிழங்கு வேகவில்லை. வாசலில் காவலாளி சாமிக்கண்ணு. நாங்கள் உள்ளே போகும்போது கைப்பேசிகளை வாங்கி வைப்பது அவர் வேலை. எதிர் வரிசைகளில் ஒன்பது பேர். அவர்கள் மலையாளமும் தெலுங்கும் பார்ப்பவர்கள், தமிழ்ப் பதிவுகள் அவர்களிடம் போகாது. பிறகு நான், பிரேம்குமார், வயது இருபத்தேழு. என்னைத் தவிர வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அறிவுமதியை விட்டுவிடுங்கள். அவன் அன்று முழுக்க அந்தச் சமோசாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

எங்கள் அலுவலகம் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. பெயர்ப்பலகை கிடையாது. எந்த நிறுவனத்துக்காக வேலை செய்கிறோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் இங்கேயும் எழுதவில்லை. யாராவது ஒரு பதிவின் மேல் புகார் கொடுத்தால் அது எங்கள் திரைக்கு வரும். மூன்று பொத்தான்கள் உண்டு: விடு, நீக்கு, மேலே அனுப்பு. ஒரு பதிவுக்கு நாற்பத்தைந்து விநாடி. ஒரு ஷிஃப்டுக்கு ஐந்நூறு பதிவுகள்.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டவன். முதல் இரண்டு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். வெட்டுப்பட்ட கையைப் பார்த்துக்கொண்டே புளிசாதம் சாப்பிடப் பழகினேன். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்தவர்களில் ஆறு பேர் மூன்று மாதத்தில் ஓடிவிட்டார்கள், நான் ஓடவில்லை. என் துல்லியம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. குறை என்றால் ஒன்றுதான். நான் ஒரு பதிவை நீக்கியதால் எங்காவது ஒரு சண்டை நின்றதா, விட்டதால் யார் வீடாவது எரிந்ததா, எனக்குத் தெரியவே தெரியாது. கொத்தனார் வேலை முடிந்ததும் தான் கட்டிய சுவரைத் தொட்டுப் பார்ப்பார். எனக்குத் தொட்டுப் பார்க்க எதுவும் இருந்ததில்லை.

இனி பலராமன். இறந்துபோனவரைப் பற்றிக் குறையாக எதுவும் எழுத மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு நான்காவது வீடு அவருடையது. அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள், எனக்கு மாமா முறை. மில்லில் வேலை பார்த்தவர், சங்கத்தில் இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்டாக இருந்தார். எங்கள் தொகுதி எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். முந்நூறு ஓட்டு வித்தியாசத்தில் எம்.எல்.ஏ. ஆகிறார்கள். ஒரு தெருவின் ஓட்டு எந்தப் பக்கம் என்பது இங்கே பெரிய விஷயம். அவர் எங்கள் தெருவைக் கையில் வைத்திருந்தார். யார் வீட்டில் யாருக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீக்கடையில் அவர் கேட்டார், என்ன வேலை என்று. தப்பான பதிவுகளை அழிக்கிற வேலை என்றேன்.

"அழிக்கறதுக்கு ஒரு ஆளா? அப்ப நீ ரப்பருன்னு சொல்லு."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட ரப்பர் அண்ணா என்பார்கள். நீங்கள் இதைத்தான் காரணம் என்று எழுதப் பார்க்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. எத்தனை தடவை என்று நான் எண்ணியதும் இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு இருக்கும்.

தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் பட்டியலைத் திருத்தினார்கள். புதுப் பட்டியல் வந்தபோது எங்கள் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு பெயர் காணோம். தெரு முழுக்க வாய்க்கால் புறம்போக்கு, பட்டா கிடையாது. எங்கள் ஆட்களுக்கு வாக்காளர் அட்டை என்பது ஓட்டுப் போடுவதற்கு மட்டும் அல்ல, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்கு இருக்கிற ஒரே காகிதம். பெயர் போனால் வீடும் போகும் என்று பயந்தார்கள்.

பலராமன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"வசந்தா, வோட்டர் அட்டைய எடும்மா. செத்துப்போனவங்க கணக்குல உன்ன சேத்துட்டானுங்க."

"நான் செத்தா எனக்குத் தெரியாதாண்ணே?"

"உனக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது, கவருமெண்ட்டுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அட்டை எண்ணையும் கதவு எண்ணையும் அவர் முத்து முத்தாக எழுதிக்கொண்டார். நாற்பத்தொன்றாவது பெயர் அம்மாவுடையது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடுபட்ட பெயர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் மனு, அடுத்த நான்கு பக்கங்களில் பெயர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி போட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார். அது சங்கத்துப் பழக்கம். மில்லில் ஒருமுறை மனுவின் நடுப்பக்கத்தை யாரோ மாற்றிவிட்டார்களாம், அதிலிருந்து எந்தக் காகிதமானாலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடாமல் அவர் கொடுக்க மாட்டார்.

அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவைத்தது. எதிர்க்கட்சிப் பையன் ஹரிகிருஷ்ணன், ஜெராக்ஸ் கடையில் மூன்றாவது பக்கத்தை மட்டும் படம் எடுத்தான். அந்தப் பக்கத்தில் மனு இல்லை. பட்டியலில் இருந்து போன பெயர்கள் வரிசையாக, அடியில் பலராமன் கையெழுத்து, அவ்வளவுதான். மேலே இப்படி எழுதிப் போட்டான்: "நம்ம பேரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார்னு பாருங்க. இன்னைக்குப் பேரு, நாளைக்கு வீடு."

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு அது என் திரைக்கு வந்தது. பலராமனின் மகள் துர்கா புகார் கொடுத்திருந்தாள். நாற்பத்தொன்றாவது வரி படத்தில் நன்றாகவே தெரிந்தது.

அந்த மூன்று போக, பதிவில் இருப்பவர் நமக்குத் தெரிந்தவர் என்றால் அதற்கென்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பதிவு வேறு ஊர் அலுவலகத்துக்குப் போய்விடும். இரண்டு விநாடி ஆகும். அதற்கு முன் இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன், ஒருமுறை என் கல்லூரி நண்பனுக்காக, இன்னொரு முறை ஒரு தூரத்துச் சொந்தத்துக்காக. அன்று அழுத்தவில்லை. 'விடு' என்று கொடுத்தேன். அரசியல் கட்சிக்காரரின் பொதுச் செயலை விமர்சிப்பது தேர்தல் காலத்தில் அனுமதிக்கப்பட்டது. விதிப் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

ஒன்று பத்துக்கு அதற்கு மறுப்பாக ஒரு வீடியோ வந்தது. அதன் மேல் நாற்பத்தாறு புகார், எல்லாம் ஹரிகிருஷ்ணனின் ஆட்கள் கொடுத்தவை. வீடியோ துர்கா எடுத்தது. பலராமன் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முதல் பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். "பாருங்க, சேக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கேன். நல்லாப் படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு பக்கமா காட்டறேன்." காட்டினார். எல்லாப் பக்கங்களையும் மெதுவாகக் காட்டினார். அவர் எதையும் ஒளிக்கிற ஆள் இல்லை. ஆனால் மேடம், நூற்றுப் பன்னிரண்டு பேரின் அடையாள எண்ணும் கதவு எண்ணும் அதில் தெரிந்தன. தனிநபர் விவரங்களை வெளியிடக் கூடாது என்பது விதி. என் அம்மாவின் எண்ணும் அதில் இருந்தது. ஒரு மகனாகப் பார்த்தாலும் அது நீக்க வேண்டிய வீடியோதான்.

'நீக்கு' பொத்தானுக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். 'நகல்களும் சேர்த்து' என்று எழுதியிருக்கும். அதில் டிக் போட்டால் அந்த வீடியோவின் அடையாளத்தை, கைரேகை மாதிரி, இயந்திரம் எடுத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு யார் எந்தக் கணக்கிலிருந்து ஏற்றினாலும் தானாகவே அழிந்துவிடும். குண்டு செய்கிற முறை, சின்னப் பிள்ளைகளின் படங்கள், இந்த மாதிரி விஷயங்களுக்காக வைத்தது. குழுத் தலைவரைக் கேட்காமல் போடக் கூடாது. நான் கேட்டேன்.

"அக்கா, ஐடி நம்பரெல்லாம் தெரியுது. நகலையும் எடுத்துடவா?"

"எத்தன பேரோடது?"

"நூத்திப் பன்னெண்டு."

"எலெக்‌ஷன் டைம்ல இது வேறயா. போட்டுவிடு."

அவர் வீடியோவைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. டிக் போட்டேன். அறிவுமதி சமோசா தின்றவர்களுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. பஸ்ஸில் வரும்போது ஏதோ பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவனைப் போல இருந்தேன். இதை நான் மறைக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக நான் அழுத்திய பொத்தானுக்கு ஒரு தெரு இருந்தது, அது நான் குடியிருக்கிற தெரு.

டீக்கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஹரிகிருஷ்ணன் பேசிக்கொண்டிருந்தான்.

"வீடியோ போட்டாரு இல்ல? அஞ்சே நிமிஷம், ஆளக் காணோம். நெஜம்னா ஏன்யா எடுக்கணும்?"

"நான் பாத்தனே. பாதி பாக்கச் சொல்லவே காணாமப் பூடுச்சி."

"பயந்துட்டாரு. எவனாவது கேஸ் போட்டா மாட்டுவோம்னு அவரே தூக்கிட்டாரு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "ரப்பரு, நீதான் இந்த வேல பாக்கற. அவரே எடுத்திருப்பாரா?"

"சில சமயம் போட்டவங்களே எடுப்பாங்க" என்றேன்.

இது பொய் அல்ல. சில சமயம் போட்டவர்களே எடுப்பதுண்டு. ஆனால் அதைச் சொன்னதும் கடையே என் பக்கம் திரும்பியது. பதினைந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஹரிகிருஷ்ணன் சொன்னான், "கேட்டுக்கங்கப்பா, பிரேமு சொல்றான். தெரிஞ்சவன் சொல்றான்." பிறகு அங்கிருந்து கிளம்புகிற வரைக்கும் யாரும் என்னை ரப்பர் என்று கூப்பிடவில்லை. டீ நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் பலராமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். துர்காவும் கூட வந்தாள். அவர் சட்டையில் ஒரு பக்கம் சேறு இருந்தது, யாரோ வண்டியில் போகும்போது வேண்டுமென்றே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மாப்ள பிரேமு" என்றார். அவரும் அன்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். "உன் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். அந்தப் பையன் போட்டத விட்டுட்டு நான் போட்டத எடுக்கறாங்களே, இது இன்னா நியாயம்?"

"அஞ்சு தடவ போட்டுட்டேன்" என்றாள் துர்கா. "போட்ட ஒடனே போயிடுது. இப்ப என் அக்கவுண்டையே முடக்கிட்டாங்க. ஒன்னு கேக்கறேன், சொல்லுங்க. இத ஒரு மனுஷன் ஒக்காந்து பாத்துதான் எடுக்கறானா, இல்ல மெஷினா?"

"மெஷின்தான்" என்றேன்.

"அதானே பாத்தேன். மனுஷனா இருந்தா அப்பா காட்டறது புரிஞ்சிருக்கும்."

முதல் பக்கத்தை நூறு ஜெராக்ஸ் எடுத்து ராத்திரியே வீடு வீடாகக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். நல்ல யோசனை. அதைச் செய்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்; அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். நான் சொன்னேன், "அவசரப்பட வேணாம் மாமா. நான் அப்பீல் போட்டிருக்கேன். காலையில வீடியோ திரும்ப வந்துடும். இந்த நேரத்துல கதவத் தட்டினா அதையும் தப்பாப் பேசுவாங்க."

அப்பீல் எதுவும் போடவில்லை.

"படிச்ச புள்ள சொல்றான்" என்று அவர் துர்காவிடம் சொன்னார். என் தோளைத் தட்டினார். போகும்போது அம்மாவிடம், உன் பேரைச் சேர்க்காமல் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை பத்து மணிக்கு வாய்க்காலை அளக்க இரண்டு பேர் டேப்பும் சிவப்புப் பெயின்ட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தூர் வாருவதற்காக வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இது தற்செயல், இதில் எனக்குச் சம்பந்தமில்லை. ஆனால் ஹரிகிருஷ்ணன் எழுதியது எல்லார் கைப்பேசியிலும் அப்படியே இருந்தது. இன்றைக்குப் பெயர், நாளைக்கு வீடு. நாளை வந்துவிட்டது. சிவப்புக் கோடு விழுந்த முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. அளக்க வந்தவர்கள் டேப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதன் பிறகு கூட்டம் பலராமனைத் தேடியது.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல, மேடம். அதில் பாதிப் பேர் அவர் கையால் ரேஷன் கார்டு வாங்கியவர்கள். நம்பும்படியான ஒன்றைக் காட்டினால் மனிதர்கள் நம்புவார்கள். திண்டிவனத்தில் பிறந்த ஒரு பொய் மதுரைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் திரையில்தான். இது வாசலில் நடந்தது. நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். பயமாக இல்லை. தெளிவாக இருந்தது.

ஹரிகிருஷ்ணனின் பதிவை எடுக்கச் சொல்லி அதிகாரிகளிடமிருந்து முறையான உத்தரவு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பலராமனுக்குப் பால் தெளித்ததற்கு மறுநாள் வந்தது. அதை நீக்கியது அறிவுமதி. அந்த உத்தரவு வந்த திரை என்னுடையதாக இருந்தால் நானும் நீக்கியிருப்பேன். உத்தரவு என்றால் உத்தரவு.

இனி நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். பத்தே முக்காலிலிருந்து பதினொன்று வரை என்ன நடந்தது. முன்பு சொன்னதில் சில இடங்கள் சரியில்லை, இதில் திருத்திக்கொள்ளுங்கள்.

பலராமன் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக ஓடி வந்தார். காதோரம் ரத்தம். துர்கா வேலைக்குப் போயிருந்தாள். அம்மா அவரைப் பிடித்து உள்ளறையில் உட்காரவைத்து முன்கதவைச் சாத்தினாள்.

"இங்கியே இருங்கண்ணே, எங்கியும் போவாதீங்க. டேய் பிரேமு, போலீசுக்குப் போன் போடுடா."

"போட்டுட்டேன்மா" என்றேன்.

போடவில்லை. அது உங்களுக்கே தெரியும், என்னைத் தேடி வந்ததே அதனால்தான். அப்போது என் கைப்பேசியில் ஹரிகிருஷ்ணனின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆள் ஒருவன் நேரலை போட்டிருந்தான். முந்நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இருபது பேருக்குள்தான் இருக்கும், அதில் பெண்கள்தான் அதிகம். மற்றவர்கள் சுற்றிக்கொண்டு வாய்க்கால் சந்துக்குப் போய்விட்டார்கள். படத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து நீலத் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. கையில் கட்டையோடு பத்துப் பன்னிரண்டு பேர், சத்தமே போடாமல்.

"மாப்ள, போன்ல பாரு" என்றார் பலராமன். மூச்சு வாங்கியது. "எந்தப் பக்கம் இருக்கானுங்க?"

"முன்பக்கம்தான் மாமா. பின்னால யாரும் இல்ல."

"போவாதீங்கண்ணே" என்று அம்மா சொன்னாள். "போலீசு வந்துடும்."

"என்னால உங்க வூட்ட ஒடைக்கப் போறானுங்கம்மா. வேணாம். சந்து வழியா மெயின் ரோட்டப் புடிச்சிடறேன்."

போவதென்று அவர்தான் முடிவு செய்தார். நான் போகச் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது, வெறுங்காலோடு படியில் இறங்கினார். இறங்கியவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை, நாற்பத்தைந்து விநாடிகூட நான் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தி மேல்தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு கீழ்த்தாழ்ப்பாள். அவர் தட்டவில்லை என்று முன்பு சொன்னேன். தட்டினார், இரண்டு தடவை. "மாப்ள" என்றார். அம்மா எழுந்து ஓடி வந்தாள், நான்தான் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தேன். வயசான பொம்பளை இருக்கிற வீடு, மேடம். வெளியே அப்படி ஒரு கூட்டம் நிற்கும்போது கதவைத் திறந்து வைத்திருக்க யாருக்காவது மனசு வருமா? பூட்டையும் மாட்டி, சாவியைத் திருகினேன்.